கடலா கொன்றது?

1970-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் இரவு. வங்கக் கடலின் வடகோடி. கங்கையும் பிரமபுத்திராவும் மேகனாவும் ஒன்று கலந்து, சுமந்து வந்த வண்டலையெல்லாம் கொட்டிக் கொட்டி உண்டாக்கிய தீவுகள்: போலா, மன்புரா, ஹத்தியா. மேடு என்று சொல்லிக்கொள்ள ஒரு குன்று இல்லை. ஏறி நிற்க ஒரு மாடி வீடு இல்லை. மூங்கிலும் வைக்கோலும் கொண்டு கட்டிய குடிசைகளிலே, உழைத்துக் களைத்த மக்கள் உறங்கிக்கொண்டிருந்தனர். நிறைநிலாவை ஒட்டிய நாள்; ஓதம் ஏறும் வேளை. புயல் வந்தது. புயலோடு கடலும் வந்தது. இருபது அடிக்கும் மேலாக எழுந்த நீர்ச்சுவர், ஊர்களை அள்ளி எடுத்துக்கொண்டு போயிற்று. விடிந்தபோது, பனையையும் தென்னையையும் இறுகப் பற்றியவர்களே பெரும்பாலும் எஞ்சியிருந்தனர்.

மாண்டவர் எத்தனை பேர்? மூன்று இலட்சம் என்பார் உளர். ஐந்து இலட்சம் என்பாரும் உளர். இடையிலே இரண்டு இலட்சம்! இரண்டு இலட்சம் மனிதர்கள், இருந்தார்களா இல்லையா என்ற ஐயத்துக்கு உள்ளாகிக் கணக்கின் இடைவெளியிலே கரைந்து போயினர். எண்ணுவதற்குப் பெயர்ப் பட்டியல் இல்லை. எண்ணியாக வேண்டும் என்ற அக்கறை ஆண்டவர்களுக்கும் இல்லை.

கொன்றது யார்?

பக்தரைக் கேட்டால், ஆண்டவனின் சோதனை என்பார். சோதிடரைக் கேட்டால், கோள்களின் கூட்டம் என்பார். ஆட்சியாளரைக் கேட்டாலோ, அவர் படித்தவர், ஆண்டவனையும் இழுக்கமாட்டார், கோள்களையும் இழுக்கமாட்டார், தொண்டையைச் செருமிக்கொண்டு, "இயற்கையின் சீற்றம்" என்பார். மூன்று விடைகள், மூன்றுக்கும் பொருள் ஒன்றே. யாரும் பொறுப்பல்லர் என்பதே அந்தப் பொருள். தோழர்களே! முதல் இரண்டு விடைகளைக் கேட்டு நகைக்க நாம் பழகியிருக்கிறோம். மூன்றாவதைக் கேட்டுத் தலையாட்டி விடுகிறோம். கால்சட்டை அணிந்துகொண்டு வந்த விதியை நமக்கு அடையாளம் தெரிவதில்லை.

இந்தக் கேள்வி புதிதன்று. 1755-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் காலை, போர்த்துகல் நாட்டின் தலைநகராம் லிஸ்பன், நிலநடுக்கத்தால் நொறுங்கிற்று. புனிதர் அனைவரின் திருநாள். தேவாலயங்கள் நிரம்பி வழிந்த நேரம். மண்டியிட்டிருந்தவர்கள் மீதே மாடங்கள் சரிந்தன. எஞ்சியதைத் தீ தின்றது; தீக்குத் தப்பி ஆற்றங்கரைக்கு ஓடியோரைக் கடலலை விழுங்கிற்று. நடப்பதெல்லாம் நன்மைக்கே என்று போதித்தவர்களை வால்டேர் அன்று வறுத்தெடுத்தார். ஆனால் மறு ஆண்டு ரூசோ அவருக்கு எழுதிய கடிதத்திலே வேறொரு பக்கத்திலிருந்து கேள்வி கேட்டார். ஆறு மாடியும் ஏழு மாடியுமாக ஆயிரமாயிரம் வீடுகளை ஒரே இடத்தில் அடுக்கி வைத்தது இயற்கையா, மனிதனா என்பது அவர் வினா. ஆண்டவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார் வால்டேர். கூண்டில் ஏற வேண்டியவன் மனிதனல்லவா என்று கேட்டார் ரூசோ. அந்நாட்டு அமைச்சர் பொம்பாலோ, கூண்டையும் விட்டுவிட்டுத் தாளை எடுத்தார். நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை முறை அதிர்ந்தது, கடல் முதலில் ஏறிற்றா இறங்கிற்றா, கிணறுகளில் என்ன மாறுதல் என்று வினாக்களை வரிசையிட்டு எழுதி, ஊர்தோறும் பங்குக் குருமார்களுக்கு அனுப்பி விடை வாங்கினார். இடிந்த நகரத்தைக் கட்டுவதை விட்டு நோன்பிருந்து அழுங்கள் என்று அறிவுரை கூறிய பாதிரியும் அந்நகரில் இருந்தார். நிலநடுக்க ஆராய்ச்சிக்குக் கால்கோள் செய்தது எந்தத் தாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

வங்கத்தின் அந்த இரவுக்கும் அப்படி வினாத் தாள் ஒன்று எழுதுவோம்.

முதல் வினா: புயல் வரும் என்று தெரியாதா? தெரியும். வானிலையை நோக்கும் செயற்கைக்கோள் அப்போதே வந்துவிட்டது. வானொலி அறிவித்தது. பிறகு நடந்த ஆய்விலே வெளிப்பட்ட செய்தி இது: அப்பகுதி மக்களில் 100-க்கு 90 பேருக்கும் மேல் புயல் வருவதை முன்னரே அறிந்திருந்தனர். உறுதியான கட்டடத்தை நாடிச் சென்றவர்களோ 100-க்கு ஒருவர்!

இதைப் படித்ததும், "பார்த்தீரா, பாமரர்களின் அசட்டைத்தனத்தை! எல்லாம் அவன் செயல் என்று கிடந்தார்கள்" என்று நம்மில் சிலருக்கு நாக்கு துறுதுறுக்கும். பொறுங்கள். எங்கே போவது? உறுதியான கட்டடம் என்பது எத்தனை ஊருக்கு ஒன்று? அதுவும் யாருடையது? மாட்டை என்ன செய்வது? மாடு போனால் ஏர் போயிற்று, ஏர் போனால் உயிர் இருந்தும் என்ன? சில வாரங்களுக்கு முன்னே, அக்டோபரில், இதே போல் எச்சரித்தார்கள். பெரிதாக ஒன்றும் நேரவில்லை. இந்த முறை வந்த எச்சரிக்கையோ, எவ்வளவு பெரிய ஆபத்து, எங்கே போக வேண்டும் என்று குடியானவனுக்கு விளங்கும்படி இல்லை. புயல் எச்சரிக்கை எண்கள் இருக்கின்றனவே, அவை துறைமுகத்துக் கப்பலுக்காக வெள்ளையர் காலத்தில் வகுக்கப்பட்டவை. (நம் சென்னையிலும் நாகையிலும் கடலூரிலும் ஏற்றுகிறார்களே கூண்டு, அதற்கும் அதே பிறப்புத்தான். மூன்றாம் எண் கூண்டு என்று நாளேடு எழுதுகிறது. அந்த எண்ணைக் கேட்டுத் தன் வீட்டுக் கூரைக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்?) கப்பலுக்குச் சொன்னார்கள், குடிசைக்குச் சொல்லவில்லை. கப்பலிலே சரக்கு இருந்தது.

விதியை நம்பினான் ஏழை என்று ஏளனம் செய்வது எளிது. வேறு எதை நம்பும்படி விட்டு வைத்தார்கள் அவனை? போக வழியில்லாதவனுக்கு விதி என்பது தத்துவமன்று. அது அவன் கையிலே எஞ்சிய ஒரே பொருள். அதே சொல்லை வழியமைத்துத் தர வேண்டியவன் வாயால் கேட்கும்போதுதான் அது பொய்யாகிறது.

அப்போது அந்த மண் கிழக்குப் பாகிஸ்தான். ஆட்சி இருந்ததோ ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், வேறு மொழி பேசும் மேற்கிலே. சீனப் பயணம் முடித்துத் திரும்பும் வழியிலே டாக்காவில் இறங்கிய அதிபர் யாகியா கான், விமானத்திலிருந்தபடி பார்வையிட்டு மேற்கே போனார். பிணங்கள் மிதந்தன, உதவி ஊர்ந்தது. டிசம்பர் 7-ஆம் நாள் தேர்தல். கிழக்கின் 162 தொகுதிகளில் 160-ஐ அவாமி லீக் வென்றது. மொழிக்கும் உரிமைக்கும் பல்லாண்டுகளாக மூண்டிருந்த நெருப்பு அது. புயல் அதை அணைக்கவில்லை, ஊதிவிட்டது. மறு ஆண்டு போர். போரின் முடிவில் வங்கதேசம் என்று ஒரு நாடு. மூன்று இலட்சம் பேரைக் கொன்றது இயற்கை மட்டுமே என்று அந்த மக்கள் நம்பியிருந்தால், அந்த வாக்குகள் அப்படி விழுந்திரா.

புது நாடு, வறிய நாடு, போரிலே வெந்து போன நாடு. அது என்ன செய்தது? 1972-இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு, புயலுக்கு முன்னேற்பாடு செய்யும் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. மறு ஆண்டு அரசும் அதிலே பங்காளியாயிற்று. ஊருக்கு ஊர் தொண்டர்கள். சம்பளம் இல்லை. கையிலே ஒலிகுழாய், கைவிசைச் சங்கு, கைவிளக்கு, ஏறிப் போக மிதிவண்டி. கழியிலே ஒரு கொடி ஏறினால் விழிப்பாயிரு. இரண்டு கொடி ஏறினால் ஆயத்தமாகு. மூன்று கொடி ஏறினால் புறப்படு! கப்பலுக்குச் சொல்லிக்கொண்டிருந்த எண்ணை, எழுத்தறியாதவனுக்கும் விளங்கும் மொழியிலே பெயர்த்தார்கள், அவ்வளவுதான். மண்ணைக் கொட்டி மேடுகள் எழுப்பினார்கள், மாடும் மனிதரும் ஏறி நிற்க. தூண்கள் மேல் பள்ளிக்கூடம் கட்டினார்கள். கீழ்த்தளம் வெறுமையாக இருக்கும், கடல் வந்தால் தூண்களுக்கிடையே புகுந்து போகட்டும் என்று. மற்ற நாட்களில் மேல்தளத்தில் பிள்ளைகள் பாடம் படிப்பர்.

கணக்கைப் பாருங்கள். 1991 ஏப்ரல் 29, சிட்டகாங் கரையிலே கொடும்புயல். மாண்டவர் ஏறத்தாழ 1,38,000. 2007 நவம்பர் 15, சித்ர் புயல், ஏறத்தாழ 3,400. 2020 மே 20, அம்பன் புயல். கொள்ளைநோய்க் காலத்திலும் 24 இலட்சம் மக்களைப் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு சேர்த்தனர். அந்நாட்டில் மாண்டோர் சில பத்துப் பேர். அவர்களில் ஒருவர், எச்சரிக்கை சொல்லப் படகேறிப் போன தொண்டர், படகு கவிழ்ந்தது. புயலுக்குப் புயல் வலிவு வேறு, கரை வேறு, ஒன்றோடொன்றை அப்படியே ஒப்பிட முடியாது என்பது உண்மை. ஆனால் இலட்சங்கள் பத்துகளாகச் சுருங்கியதற்கு அது மட்டுமே விளக்கமாகிவிடாது. கடலுக்கு இடைக்காலத்தில் இரக்கம் பிறந்ததா? காற்று மனம் திருந்திற்றா? அதே கடல், அதே காற்று, அதே ஆண்டவன்! மாறியது மனிதனின் ஏற்பாடு. ஆகவே, ஏற்பாட்டால் தடுத்திருக்கக் கூடிய அத்தனை சாவும், முன்னே விதி என்ற பெயரில் எழுதப்பட்டிருந்த போலிக் கணக்கு என்றாகிறது.

இந்த இடத்தில் 1991-ஐச் சற்று நின்று பார்க்க வேண்டும். திட்டம் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன, கொடிகளும் ஏறின, எனினும் ஓர் இலட்சத்துக்கும் மேல் மாண்டனர். போதிய புகலிடங்கள் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை மாண்டவர் பட்டியலே சொல்லிற்று. 20-லிருந்து 44 வயது வரையுள்ளவர்களிலே, ஆண்கள் ஆயிரத்துக்கு 15 பேர் மாண்டனர். பெண்கள் ஆயிரத்துக்கு 71 பேர்!

கடல் ஆண்-பெண் பார்க்குமா? அலைக்கு வேறுபாடு தெரியுமா? பிறகு எப்படி வந்தது இந்த ஐந்து மடங்கு?

வானொலி ஆண்கள் கூடும் கடைத்தெருவில் கத்திற்று. பெண் வீட்டுக்குள் இருந்தாள். செய்தி அவளை எட்டியபோதும், கணவன் வந்து அழைக்காமல் படி தாண்டலாகாது என்று காத்திருந்தாள். புகலிடத்திலோ அயலாண்கள் நெருக்கியடித்து நிற்கும் கூடம். தனி அறை இல்லை, கழிப்பிடம் இல்லை. அங்கே போய் மானமிழப்பதா என்று தயங்கினாள். மானம் என்ற சொல்லை அவள் நெஞ்சிலே எழுதி வைத்தவர்கள் யாரும் அன்றிரவு துணைக்கு வரவில்லை. நீர் வந்தபோது, ஆறு கெஜச் சேலை காலைப் பின்னிற்று; நீண்ட கூந்தல் முள்ளிலும் கிளையிலும் சிக்கிற்று; நீச்சல் ஆண்பிள்ளைக்குக் கற்றுத் தரப்பட்டது, அவளுக்கு இல்லை; இடுப்பிலே ஒன்று, தோளிலே ஒன்று, கையிலே ஒன்று என்று குழந்தைகள் அவளிடமே இருந்தன. வெள்ளத்திலே மகனையும் மகளையும் இரு கைகளிலும் பிடித்திருந்த தந்தை ஒருவர், இருவரையும் காக்க இயலாத நிலையில், குலம் விளங்க மகன் வேண்டுமே என்று மகளின் கையை விட்டுவிட்டதாக ஆய்வாளர் பதிவு செய்த செய்தி ஒன்று உண்டு. அவரைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்தக் கையைத் திறப்பது என்பதை அந்தக் கணத்தில் அவரா முடிவு செய்தார்? அவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே முடிவாகி இருந்ததல்லவா அது?

ஆயிரத்துக்கு 15 என்பதைப் புயலின் கணக்கில் எழுதுங்கள், தோழர்களே. மேலே இருக்கும் 56-ஐ எந்தக் கணக்கில் எழுதுவது? பெண்ணைப் படிக்கு உள்ளே நிறுத்தியதை ஒழுக்கம் என்று போற்றிய ஒவ்வொரு வாயும் அந்தக் கணக்குக்குப் பொறுப்பு. அலை ஒரு நாள்தான் வந்தது. அவள் காலைக் கட்டும் வேலை தலைமுறை தலைமுறையாக நடந்திருந்தது.

இதையும் மாற்ற முடிந்தது என்பதே செய்தி. அறிவு பிறந்தது, வீட்டுக்குள் இருப்பவளுக்குச் செய்தி சொல்ல வீட்டுக்குள் நுழையக் கூடியவள் வேண்டும் என்பது விளங்கிற்று. இன்று அந்தத் தொண்டர் படையிலே 76,000 பேருக்கு மேல். அவர்களிலே பாதிப் பேர் பெண்கள். புகலிடங்களில் பெண்களுக்குத் தனி அறை வந்தது. மாடுகளுக்குச் சாய்தளம் வந்தது. பள்ளிவாசலின் ஒலிபெருக்கியும் இப்போது புயல் எச்சரிக்கை சொல்கிறது. இதைக் கேட்டு நம் பகுத்தறிவு முகம் சுளிக்க வேண்டியதில்லை. "இறைவன் காப்பான், வீட்டிலேயே இரு" என்று சொல்லாமல், "எழுந்து புகலிடத்துக்குப் போ" என்று சொல்லும் வரையில், எந்தக் கோபுரத்தில் கட்டியிருந்தால் என்ன ஒலிபெருக்கி?

அறிவு என்றவுடன், பட்டம் பெற்றவர் வரைந்த திட்டமெல்லாம் அறிவு என்று எண்ணிவிடவும் கூடாது. அந்நாட்டின் தென்மேற்கிலே ஒரு பாடம் கிடக்கிறது. 1960-களில், வெளிநாட்டு வல்லுநர்களின் துணையோடு, கடலோர நிலங்களைச் சுற்றிலும் மண்ணணை எழுப்பினார்கள். அணைசூழ்ந்த வட்டங்கள் மொத்தம் 139. உப்புநீர் உள்ளே வராது, நெல் விளையும் என்றார்கள். சில காலம் விளைந்தது. ஆனால் ஓதத்தோடு வந்து நிலத்திலே பரவ வேண்டிய வண்டல், நுழைய வழியின்றி ஆற்றின் வயிற்றிலேயே படிந்தது. ஆறு மேடாயிற்று, நிலம் பள்ளமாயிற்று. பெய்த மழை வடிய வழியின்றி, குல்னா, ஜெசூர் பகுதிகளின் தாழ்நிலங்கள் ஆண்டுக்கணக்கில் நீரிலே மூழ்கின. உழவர்கள் மனுக் கொடுத்தார்கள். வல்லுநர்கள் வரைபடத்தைக் காட்டினார்கள். 1990-இல் பீல் டாகாதியா என்ற தாழ்நிலத்து மக்கள், மண்வெட்டியும் கூடையுமாகத் திரண்டு அணையை வெட்டிவிட்டனர்! 1997-இல் பீல் பாய்னாவில் மீண்டும் அது நடந்தது. ஓதம் உள்ளே வந்தது. வண்டலைக் கொட்டிவிட்டுப் போயிற்று. நிலம் உயர்ந்தது, ஆறு ஆழமாயிற்று. முதலிலே குற்றம் என்று பேசப்பட்ட அந்தச் செயலைத்தான் பின்னர் அரசு "ஓத ஆற்று மேலாண்மை" என்று பெயரிட்டுத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டது. இங்கே பகுத்தறிவாளர் யார்? வரைபடம் வைத்திருந்தவரா, ஆற்றைப் பார்த்திருந்தவரா?

வேறு பல ஏற்பாடுகளும் உண்டு. இரு வாரம் நீரில் மூழ்கிக் கிடந்தாலும் அழுகாத நெல், உப்பைத் தாங்கும் நெல் என்று அந்நாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் விதை தருகிறது. வெங்காயத்தாமரையை அடுக்கி மிதக்கும் பாத்தி கட்டி அதன்மேல் காய்கறி வளர்க்கும் பழங்கலை, பரிசால் பக்கத்தில் புத்துயிர் பெற்றிருக்கிறது. 2100-ஆம் ஆண்டு வரைக்கும் கழிமுகத்துக்குத் திட்டம் வகுத்து 2018-இல் ஒப்புதல் தந்தார்கள். தாளிலே இருப்பது மண்ணுக்கு எவ்வளவு வரும் என்பதைப் போகப் போகப் பார்க்க வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு, இதுவரை நான் கட்டிய வாதத்தையே ஓர் இடத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது. 2009 மே மாதம் ஐலா புயல் வந்தது. மாண்டவர் இருநூறுக்குள். வெற்றி என்று எழுதலாமா? அணைகள் உடைந்து உப்புநீர் உள்ளே புகுந்தது, புகுந்தது வடியவில்லை. வயல் வெளுத்தது, குளம் கரித்தது. பல்லாயிரம் பேர் உடைந்த அணையின் முதுகிலேயே குடிசை போட்டு ஆண்டுக்கணக்கில் கிடந்தனர். உயிர் பிழைத்தது; பிழைப்பு பிழைக்கவில்லை. புகலிடத்துக்கு மனிதனைத் தூக்கிப் போகலாம், மாட்டையும் ஓட்டிப் போகலாம்; நிலத்தைத் தூக்கிப் போக முடியுமா? கொடி எத்தனை ஏற்றினாலும் உப்பு இறங்குமா?

இங்கேதான் கேள்வி நாட்டின் எல்லையைத் தாண்டுகிறது. கரியையும் எண்ணெயையும் எரித்து எரித்து வளர்ந்த நாடுகள், இரண்டு நூற்றாண்டுகளாக வானிலே கொட்டிய புகை, உலகைச் சூடாக்கிற்று. பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. சூடேறிய கடல் பருத்தது; பனிமலை உருகி அதிலே சேர்ந்தது. 1900-லிருந்து உலகக் கடல்மட்டம் சராசரியாக ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. சாண் அளவுதானே என்பர். சாண் உயர்ந்த கடலிலே எழும் அலை சாண் உயரத்திலிருந்து புறப்படுகிறது. தட்டையான கழிமுகத்திலே அந்தச் சாண், ஊர்களைத் தாண்டிப் போகும். ஒவ்வொரு புயலையும் புகையின் தலையிலேயே கட்டுவது பகுத்தறிவாகாது. 1970-ஆம் ஆண்டின் புயலைப் பெற்றதும் புகையன்று. கடல் சூடேற ஏற வலிய புயல்களின் பங்கு கூடும், மழை கனக்கும், பொங்கும் கடல் மேலும் உள்ளே புகும் என்ற அளவிலே அறிவியல் உறுதியாக நிற்கிறது. அந்த அளவே போதும் நம் வழக்குக்கு.

ஏறத்தாழ 17 கோடி மக்கள் வாழும் வங்கதேசம், உலகம் வெளியிடும் புகையிலே 200-இல் ஒரு பங்குகூட வெளியிடுவதில்லை. அந்நாட்டவர் ஒருவரின் பங்கு ஆண்டுக்கு ஒரு டன் கரியமில வாயுவுக்கும் குறைவு. அமெரிக்கர் ஒருவரின் பங்கு 14 டன் அளவு. புகைத்தவன் ஒருவன், இருமுகிறவன் இன்னொருவன்! இதையும் "இயற்கை" என்று எழுதி மூடிவிடலாமா?

மூடுவதற்குப் புதிய சொல் ஒன்று வந்திருக்கிறது. அது வசையன்று, வாழ்த்து. அதனால்தான் எனக்கு ஐயம். "எத்தனை அடித்தாலும் எழுந்து நிற்கும் மக்கள்! என்னே இவர்களின் தாங்கும் திறன்!" என்று உலக மாநாடுகளிலே மாலை சூட்டுகிறார்கள். தாங்குகிறவனைப் புகழ்ந்துகொண்டே அவன் தலையிலே மேலும் ஒரு மூட்டையை ஏற்றுவது, நிலக்கிழார்கள் கூலியாளிடம் கையாண்ட பழைய தந்திரமல்லவா? விதியை நம்பிப் பொறுத்துக்கொள் என்றார்கள் அன்று. திறன் இருக்கிறது, பொறுத்துக்கொள் என்கிறார்கள் இன்று. பொறுப்பது மட்டும் மாறவில்லை.

"அவர்கள் யோக்கியர்களா?" என்று ஒரு குரல் எழும். எழட்டும், நாமும் கேட்போம். சுந்தரவனக் காடுதான் புயலின் வேகத்தை வாங்கும் அரண். அந்தக் காட்டுக்கு 14 கிலோமீட்டர் அளவில், ராம்பாலிலே, இந்திய நிறுவனத்தின் கூட்டோடு நிலக்கரி மின்நிலையம் கட்டினார்கள். பத்து நிலக்கரித் திட்டங்களை 2021-இல் கைவிட்ட அதே அரசுதான், இதைக் கைவிட மறுத்தது. 1980-களில் தொடங்கி, இறால் பண்ணை முதலாளிகள் பணத்துக்காக நெல்வயலிலே உப்புநீரைத் தாமே பாய்ச்சினர். அதை எதிர்த்துக் குல்னா மாவட்டத்தில் ஊர்வலம் நடத்திச் சென்ற நிலமற்ற ஏழைப்பெண் கருணாமயி சர்தார், 1990 நவம்பர் 7-இல் கொல்லப்பட்டார். அவர் காத்த அந்த அணைவட்டத்திலே இறால் முதலாளி நுழைய முடியவில்லை. ஆண்டுதோறும் அந்நாளில் நிலமற்ற மக்கள் அங்கே கூடுகிறார்கள். காலநிலை நிதியிலும் முறைகேடுகள் உண்டு என்று அந்நாட்டு ஊழல் எதிர்ப்பு அமைப்பே ஆய்ந்து வெளியிட்டிருக்கிறது. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால், கடன் வாங்கியவன், கடன் கொடுத்தவனின் வீட்டுச் சண்டையைக் காட்டி, ஆகையால் திருப்பித் தரமாட்டேன் என்று சொல்ல நியாயம் உண்டா? உள்வீட்டுக் கள்வரை அந்நாட்டு மக்கள் பிடிக்கட்டும். கருணாமயியின் வழிவந்தோர் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அது வேறு வழக்கு. இது வேறு வழக்கு.

இந்த வழக்கிலே ஒரு சொல்லைப் பற்றித்தான் போராட்டமே. "இழப்பீடு" என்பது நம் மொழிச் சொல். இழப்பும் ஈடும் ஒட்டிப் பிறந்த சொல் அது. இழப்பு என்று ஒப்புக்கொண்டவன் ஈட்டையும் ஒப்புக்கொண்டவனாவான். 2015-ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரிலே உலக நாடுகள் உடன்படிக்கை செய்தபோது, அந்தச் சொல்லை நடுவிலே வெட்டினார்கள். இழப்பு உண்டு என்று உடன்படிக்கையின் எட்டாம் பிரிவிலே எழுதினார்கள். கூடவே நிறைவேற்றிய முடிவிலே, 51-ஆம் பத்தியில், அப்பிரிவு யாருடைய பொறுப்புக்கும் ஈட்டுக்கும் அடிப்படையாகாது என்று எழுதி வைத்தார்கள். அழுவோம், ஆனால் தரமாட்டோம் என்பதன் சட்டத் தமிழாக்கம் அது. டாக்காவைச் சேர்ந்த அறிவியலாளர் சலீமுல் ஹக், இழப்புக்கென்று தனி நிதி வேண்டுமென மாநாட்டுக்கு மாநாடு சென்று வாதாடினார். 2022-இல் எகிப்தில் நடந்த மாநாட்டில் அந்த நிதிக்கு இசைந்தனர். 2023 அக்டோபரில் அவர் மறைந்தார். அடுத்த சில வாரங்களில் துபாயில் நிதி நடைமுறைக்கு வந்தது. அங்கே செல்வ நாடுகள் வாக்களித்த தொகை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 70 கோடி டாலர். அதுவும் கடனடைப்பாக அன்று, மனமுவந்த உதவியாக!

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். யாரும் தருமுன்னே, 2009-லேயே, வங்கதேசம் தன் சொந்த வரிப்பணத்தில் காலநிலை நிதி ஒன்றை நிறுவி, முதல் மூன்றாண்டுகளுக்கு ஏறத்தாழ 30 கோடி டாலர் ஒதுக்கிற்று. கைத்தறியும் தையலும் நெல்லுமாக ஈட்டிய பணம். பள்ளிக்கும் மருந்துக்கும் போயிருக்க வேண்டிய பணம். உலகத்துச் செல்வரெல்லாம் கூடித் தந்த கொடை 70. ஓர் ஏழை நாடு ஏழைகளிடம் பிரித்து எடுத்தது 30.

ஈகை என்பதை நாம் மதிக்காதவர்களல்லர். ஆனால் கடனைக் கொடையென்று பெயர்மாற்றிக் கொடுப்பவன், கொடுக்கும்போதே இன்னொன்றையும் பறித்துக்கொள்கிறான்; வாங்குபவனின் நிமிர்ந்த தலையைப் பறிக்கிறான். கொடையை நிறுத்தலாம், குறைக்கலாம், நன்றி சொல்லவில்லையென்று கோபித்துக்கொள்ளலாம். கடனிலே இவை ஒன்றும் செல்லாது.

அந்தக் கேள்வி நீதிமன்றம் ஏறியிருக்கிறது. ஏற்றியவர்கள் இளைஞர்கள். 2019-இல் பசிபிக் தீவுகளிலே சட்டம் படித்துக்கொண்டிருந்த 27 மாணவர்கள், இந்த வழக்கைப் பன்னாட்டு நீதிமன்றத்துக்கு ஏன் கொண்டு போகக் கூடாது என்று கேட்டனர். வனுவாட்டு என்ற சிறு தீவு நாடு அதைக் கையிலெடுத்தது. துணை நின்ற நாடுகளில் வங்கதேசமும் ஒன்று. 2023-இல் ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை அந்த வினாவை நீதிமன்றத்துக்கு அனுப்பிற்று. 2025 ஜூலை 23-ஆம் நாள் விடை வந்தது: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, அதை மீறுவது தவறு, தீங்குக்கும் தவறுக்கும் தொடர்பு காட்டப்பட்டால், ஈடு செய்யும் பொறுப்பும் எழலாம். நீதிபதிகள் பதினைவரும் ஒருமனதாகச் சொன்னார்கள். பாரிசிலே வெட்டிய சொல், தி ஹேக் நகரிலே ஒட்டப்பட்டது.

அறிவுரைக் கருத்துத்தானே, ஆணையன்றே என்கிறார்கள். ஆம், ஆணையன்று. எந்த நாடு, எந்த நாட்டின் மேல், எந்த மன்றத்திலே, எந்தப் புயலுக்காக, எவ்வளவு கேட்டு முதல் வழக்கைத் தொடுக்கும் என்பது இதை எழுதும்வரை முடிவாகவில்லை. போலாவின் கரையிலே கொடியேற்றும் பெண்ணுக்கு இன்னமும் சம்பளம் இல்லை.